பாரிஸிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம். முழங்கால் வலி தேவலையா? காலையில் லண்டனில் கிளம்பிய பஸ், ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் பாரிஸில் கொண்டுவந்து விட்டது. கூட வந்தவர்கள் ஈபிள் கோபுரத்தைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு, பஸ் டிரைவரான உன்னிடம் சொல்ல வேண்டியது பஸ்ஸைப் பற்றித்தான்.

ஃபோக்ஸ்டன் என்ற ஊரில் பஸ்ஸை அப்படியே ரயிலுக்குள் ஏற்றினார்கள். பஸ்ஸுக்கும் ரயில்பெட்டிச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கத்தான் இடம். டிரைவர் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, எங்கேயும் உரசாமல் கொண்டுபோய் நிறுத்தினார் பார், நீ பக்கத்தில் இருந்திருந்தால் கை தட்டியிருப்பாய். அந்த ரயில் போவது இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் சுரங்கம் வழியாக, 1994இல் திறந்தது. சுமார் 50 கிலோமீட்டர், அதில் 38 கடலுக்கு அடியில். 35 நிமிடத்தில் பிரான்ஸ். அங்கிருந்து சாலையில் வலப்பக்கம், கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூடுதல்.

அப்புறம், டிரைவருக்கு முன்னால் டாக்கோகிராஃப் என்று ஒரு சின்னப் பெட்டி. தன் கார்டை அதில் செருகிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார். எத்தனை நேரம் ஓட்டினார், எப்போது நிறுத்தினார், என்ன வேகம், எல்லாம் அதில் பதிவாகிவிடும். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10.

பாரிஸுக்குப் போகும் வழியில் ஓய்விடத்தில் நிறுத்தியபோது, "சீக்கிரம் போனால் கோபுரத்தை வெளிச்சத்தில் பார்க்கலாமே" என்று ஒருவர் அவசரப்படுத்தினார். நேரம் முடியாமல் வண்டி நகராது என்று வழிகாட்டிப் பெண் சொல்லிவிட்டாள். டிரைவர் காபி குடித்தார், கொஞ்ச தூரம் நடந்தார், பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்தார். அவரிடம் போய் யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நைட் சர்வீஸ் முடித்து வந்த உன்னை, ஆள் இல்லை என்று அடுத்த டிரிப்புக்கும் ஏற்றிவிட்டார்களே! முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நீ விழுப்புரம் தாண்டியதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

நம் சட்டம் மட்டும் என்ன குறைச்சல்? 1961இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று எழுதிவிட்டார்கள். டிரைவர் எத்தனை நேரம் ஸ்டியரிங்கில் இருந்தார் என்று கணக்கு வைக்கத்தான் இப்படி ஒரு பெட்டி இல்லை. சங்கக் கூட்டத்தில் நீ பேசும்போது இதைக் கேள். சம்பளக் கோரிக்கையோடு இதுவும் சேர வேண்டும் என்பது என் கருத்து.

இங்கே தினமும் சீட் மாற்றி உட்கார வைக்கிறார்கள். எனக்கு முன் சீட் வரும் அன்று அந்தப் பெட்டியைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்