மாப்பிள்ளையின் காரும் உப்புத் தரையும்

அன்புள்ள முருகேசு,

பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறினால்தான் தகராறு. சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அவரும் நண்பர்களும் அமெரிக்காவின் யூட்டாவில், நேர்கோட்டில் அதிவேகமாக ஓட்டிப் பார்க்கும் போன்வில் உப்புவெளிக்குக் கொண்டுபோகும் காரின் வேகம் மணிக்கு 300 கி.மீ. பக்கத்திலேயே நின்றுவிடுகிறது, பெரிய இன்ஜின் போடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம்டா. முதலில் இருக்கிற சக்தி தரையில் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்.

அதற்கு ஒரு கணக்குப் போதும். டயர் விட்டம் 70 செ.மீ., கிரவுன் பினியன் (சக்கரங்களுக்குச் சுழற்சியைத் தரும் கடைசிப் பல்சக்கர ஜோடி) விகிதம் 2.9, அதாவது அதன் உள்ளே வரும் தண்டு 2.9 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று; டாப் கியர் நேரடி, இன்ஜின் வேகத்தை மாற்றாது; இன்ஜின் 7000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) என்று வைத்துக்கொள். சக்கரம் 318 கி.மீ. வேகத்தில் சுற்றும். ஓட்டத்தின் உண்மையான வேகத்தைக் குறித்துத் தரும் நேரச்சீட்டில் 295 என்று வந்தால், மீதி 23 உப்பில் வழுக்கிப் போயிற்று. அதன்மேல் இன்னும் குதிரைசக்தி ஏற்றினால் சக்கரம்தான் வேகமாகச் சுற்றும்.

காரைக் குறைந்த எடையில் செய்ததாகப் பெருமையாக எழுதியிருந்தாய். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். 320-இல் 200 கிலோ தள்ளும் காற்று 480-இல் 450 கிலோ தள்ளும். உப்பின் பிடிப்போ தார்ச்சாலையைவிட ரொம்பக் குறைவு. பின்சக்கரங்களின் மேல் 750 கிலோ இருந்து, அதில் பாதிதான் பிடிப்பு என்றால் 375 கிலோ. அதற்கு மேல் எந்த இன்ஜினாலும் தள்ள முடியாது. அதனால்தான் இந்தப் பந்தயக்காரர்கள் காசு கொடுத்து ஈயக்கட்டி வாங்கி ஏற்றுகிறார்கள். இறக்கை வைத்து அழுத்தினால் காற்று எதிர்ப்பும் கூடும். ஈயத்துக்கு அந்தச் செலவில்லை, வேகம் பிடிக்க ஓட்டதூரம்தான் கூடுதலாக வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய் அடுக்கிவிடக் கூடாது, கார் பின்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். பின் ஆக்சிலுக்கு முன்னால் வைக்கட்டும். 1965-இல் சம்மர்ஸ் சகோதரர்கள் தங்கள் 'கோல்டன்ராட்' காரில் நான்கு இன்ஜின்களை வைத்து, நான்கு சக்கரங்களையும் ஓட்டி, மணிக்கு 409 மைல் தொட்டார்கள். காரின் மொத்த எடையும் பிடிப்புக்கு உதவியது.

அப்புறம் கியர். கிரவுனின் எண்ணைக் குறைத்தால் வேகம் கூடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் எட்ட நினைக்கும் வேகத்தில் இன்ஜின் உச்ச சக்தி தரும் ஆர்பிஎம்மில் இருக்க வேண்டும். எண் ரொம்பக் குறைந்தால் இன்ஜின் அதை எட்டாமலே மூச்சுத் திணறும். போன்வில் கடல்மட்டத்துக்கு 1,280 மீட்டர் மேலே இருக்கிறது, அங்கே காற்று மெல்லிசு, அதனால் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இன்ஜின் வீட்டில் காட்டிய சக்தியைக் காட்டாது. கடைசி இரண்டு கியர்களும் நெருக்கமாக இருக்கட்டும்; இடைவெளி அதிகமானால் டாப் போட்டதும் ஆர்பிஎம் விழும், காற்று அதை எழவிடாது. முதல் கியரில் வண்டி கிளம்பத் திணறினாலும் பரவாயில்லை, பின்னாலிருந்து வண்டி வைத்துத் தள்ளிவிடுவார்கள். 2006-இல் 350 மைல் ஓடிய ஜேசிபியின் டீசல் காரையே டிராக்டர்தான் தள்ளிவிட்டது!

எவ்வளவு ஈயம் என்பது அந்த வருஷத்து ஓடுபாதை நீளத்தைப் பொறுத்தது. 2014, 2015 இரண்டு வருஷமும் தரை சரியில்லாமல் ஆகஸ்ட் பந்தயமே ரத்தானது. பாதை சுருங்கினால் எடையையும் குறைக்க வேண்டியிருக்கும். டயர் விட்டம், கிரவுன் எண், நேரச்சீட்டு மூன்றையும் மாப்பிள்ளையிடம் வாங்கி அனுப்பு, உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.

அன்புடன்,
ராமநாதன்