கொலுப்படியில் ஒரு ஹுக்கா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரணில் கிடக்கும் பழம்பொருட்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கறுப்புச் சொம்பு ஞாபகம் வந்தது. மணி மாதிரி அடி அகன்று கழுத்து குறுகியது. உடம்பெல்லாம் வெள்ளியில் பூச்செடிகள். நவராத்திரிக்கு அதில் மயிலிறகு செருகிக் கொலுப்படியில் வைப்போம்.

கொள்ளுத்தாத்தா 1920களில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளை. ஊருக்குக் கிளம்பிய துரை கொடுத்துவிட்டுப் போன சீமைச் சாமான் என்பது வீட்டுக் கதை. (ஏற்காட்டில் வேலை பார்த்தவர் எல்லார் வீட்டிலும் ஒரு துரை எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்!) பெரிய அத்தை மட்டும் தஞ்சாவூர் வேலை என்று சாதிப்பார். ஆனால் தஞ்சாவூர்த் தட்டில் உருவங்கள் புடைத்து நிற்கும். இதில் தடவிப் பார்த்தால் வெள்ளி விரலில் தட்டுப்படவே இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். காந்தம் ஒட்டவில்லை. "இரும்பு இல்லீங்க, துத்தநாகம். பீதர் வேலை" என்றார். பீதர் கர்நாடகத்து ஊர். துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு சேர்த்து வார்த்து, செதுக்கிய பள்ளத்தில் வெள்ளியைத் தட்டி இறக்குவார்களாம். கடைசியில் பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசினால் உடம்பு மட்டும் கறுக்கும், வெள்ளிக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: இது சொம்பே இல்லை, தண்ணீர் வழியாகப் புகை இழுக்கும் ஹுக்காவின் குடுவை. இத்தனை வருஷம் சரஸ்வதிக்குப் பக்கத்தில்!

சரி, சீமைச் சாமான் இல்லை என்பது தீர்ந்தது. எங்கே, எப்போது செய்தது என்பதுதான் பிடிபடவில்லை. லக்னோவிலும் பீகாரின் பூர்ணியாவிலும் இதே வேலை நடந்திருக்கிறது. குடுவையில் முத்திரையும் கிடையாது. உருண்டைக் குடுவைகள் பழசு, மணி வடிவம் 18ஆம் நூற்றாண்டில் பரவியது என்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் ஹுக்கா பிடித்தவர்கள்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே அவர்களிடம் அந்தப் பழக்கம் ஓய்ந்துவிட்டது. ஆகவே கொள்ளுத்தாத்தாவின் துரையும் இதைப் பூச்சாடியாகத்தான் வைத்திருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு எந்த வழியில் வந்ததோ! 1792இல் சேலம் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு மாறிய நாளில் ஏதோ ஒரு பட்டாளத்து அதிகாரியின் மூட்டையில் வந்தது என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆதாரம் ஏதுமில்லை.

ஒரு விஷயம் மட்டும் வாசகர்களுக்கு. பாட்டி வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் ஒரு பக்கம் சாம்பல் பூத்துவிட்டது. மிச்சமிருந்த கறுப்பைக் கறை என்று நினைத்து நான் பாலிஷ் கடைக்கே கொண்டுபோக இருந்தேன். பெரியவர் திட்டினார்: கறுப்புதான் அந்த வேலையின் உயிர், துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

குழல் செருகும் மேல்பாகம் எங்களிடம் இல்லை. ஏற்காடு, சேலம் பக்கம் யார் வீட்டிலாவது இதே மாதிரி குடுவை முழுசாக இருந்தால், எப்படி வந்தது என்று எழுதுங்களேன்.

– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்