நீலனுக்கு முதல் மருந்து தண்ணீர்தான்

கொளத்தூர்,
சென்னை.

அன்புள்ள பாப்பா,

வால் அரித்துப்போன உன் ஃபைட்டர் மீன் நீலனை எடுத்து நீ அனுப்பின வீடியோவை நானும் அப்பாவும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். போனில் சொன்னால் ஆபீஸ் அவசரத்தில் பாதி காதில் விழாது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்.

முதலில் உன் மனசு ஆறட்டும். நீலன் பிழைத்துக்கொள்வான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பவுல் பக்கம் நீ விரலைக் கொண்டுபோனதும் அவன் கண்ணைத் திருப்பிப் பார்த்தான். மூலையில் படுத்திருந்தாலும் ஒரு தடவை மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போனான். வயிறு உப்பவில்லை, செதில்கள் உடம்போடு படிந்து இருக்கின்றன. தேற முடியாத மீன் இப்படி இருக்காது.

எந்த மருந்து வாங்குவது என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கடையில் தலையில் கட்டின அந்த இரண்டு பாட்டிலையும் மூடி அலமாரியில் வை. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நோயைவிட அதுவே அவனை அதிகம் வாட்டும்.

அவனுக்கு வந்திருப்பது வால் அழுகல். கடையில் ஃபின் ராட் என்பார்கள். நீ நினைக்கிறபடி எதிலாவது உரசிக் கிழிந்திருந்தால் நேராகப் பிளந்திருக்கும், ஓரத்தில் நிறம் மாறியிருக்காது. இவன் வாலின் ஓரம் கருத்திருக்கிறது, அதை ஒட்டி மங்கலாக ஒரு வெள்ளைப் பட்டை தெரிகிறது, அங்கங்கே அரித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. ஏரோமோனஸ், சூடோமோனஸ் மாதிரி பாக்டீரியாக்கள் செய்கிற வேலை இது. அவை எப்போதும் தண்ணீரில் இருக்கிறவைதான். மீன் தெம்பாக இருக்கும்வரை அதன் மேலுள்ள வழவழப்புப் பூச்சு அவற்றை அண்டவிடாது. தெம்பு குறைந்ததும் முதலில் வாலில் கைவைக்கும். அதனால் நாம் பார்க்க வேண்டியது, அவன் தெம்பு ஏன் குறைந்தது என்பதைத்தான்.

எனக்கு இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, பவுல். மூன்று லிட்டர் தண்ணீர், ஃபில்டர் கிடையாது. மீன் விடுகிற கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாகிக்கொண்டே இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, ஆரம்பத்தில் வாடையும் வராது. தண்ணீர் பளிங்காகத் தெரியும்போதே செவுளை எரித்துக்கொண்டிருக்கும். ஃபைட்டருக்குப் பவுல் போதும் என்று சொல்லி விற்கிற வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வயலில் ஒரு சாண் தண்ணீரில் வாழ்கிற மீன்தானே என்பார்கள். அந்த ஒரு சாண் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது, செடி இருக்கிறது, மழை வந்து புதுத் தண்ணீர் சேர்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று குளிர். ஃபைட்டர் தாய்லாந்தின் சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியில், வெதுவெதுப்பான சதுப்பிலும் வயலிலும் பிறந்த இனம். 2019-ல் அந்த நாட்டு அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. இதற்கு 26, 27 டிகிரி வேண்டும். மீனுக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. பெங்களூரில் ஜனவரி ராத்திரி 15, 16 டிகிரிக்குப் போகிறது. சின்னப் பவுல் சீக்கிரமே குளிர்ந்துவிடும். குளிர்ந்த உடம்பில் செரிமானமும் மந்தம், நோயை எதிர்க்கிற சக்தியும் மந்தம். இங்கே கொளத்தூரில் மொட்டை மாடித் தொட்டியில் ஹீட்டர் இல்லாமல் வளர்வதைப் பார்த்து வளர்ந்தவள் நீ, அதனால் இது உனக்குத் தோன்றியிருக்காது.

இன்று சாயங்காலமே 20 லிட்டர் பிடிக்கிற புது பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கு, உள்ளே தெரிகிற மாதிரி. சோப்புப் போடாதே, வெறும் தண்ணீரில் கழுவு. கூடவே 50 வாட் ஹீட்டர், ஒரு தெர்மாமீட்டர், ஆன்டி குளோரின், அம்மோனியா டெஸ்ட் கிட். ஹீட்டர் மீன் தொட்டிக்கென்று விற்கிறதாக, தானாக நின்று எரிகிறதாக இருக்கட்டும். குளிக்க வெந்நீர் போடுகிற ராடை எந்தக் காரணத்துக்காகவும் இதில் வைக்காதே.

டப்பில் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்று. ஃபைட்டர் செவுளால் மட்டும் மூச்சு விடுகிற மீன் இல்லை. தலைக்குள் லாபிரிந்த் என்று ஓர் உறுப்பு இருக்கிறது, மேலே வந்து காற்றை வாயால் இழுத்து அதில் வைத்துக்கொள்ளும். சோர்ந்த மீன் ஆழத்திலிருந்து ஏறி வர முடியாமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகலாம். ஹீட்டர் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும், ஆழம் போதாவிட்டால் படுக்கைவசமாக ஒட்டு. தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே சுவிட்சை நிறுத்திவிடு. சூடான கண்ணாடி வெளியே வந்தால் விரிசல் விட்டுவிடும். டப்பை ஓட்டை போட்ட மூடியால் மூடு. உடம்பு முடியாவிட்டாலும் இந்த மீன் துள்ளும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தால் அங்கே காற்றும் வெதுவெதுப்பாக இருக்கும், அவன் இழுக்கிற மூச்சு குளிராது.

உங்கள் அபார்ட்மெண்டில் ஒருநாள் காவிரித் தண்ணீர், ஒருநாள் டேங்கர் என்றாய். இரண்டுக்கும் உப்புத்தன்மை வேறு, மாற்றி மாற்றி ஊற்றினால் அவனுக்குத் தாங்காது. காவிரி வருகிற நாளில் இரண்டு பக்கெட் பிடித்து வைத்துக்கொள், அதையே பயன்படுத்து. அதில் குளோரின் இருக்கும். ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமைன் கலந்திருந்தால் அது போகாது. ஆகவே பாட்டிலில் போட்டிருக்கிற அளவில் ஆன்டி குளோரின் போட்டுவிடு. சுத்தம் என்று நினைத்து ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதே, மீனுக்கு வேண்டிய தாதுக்கள் அதில் மிகக் குறைவு.

அவனை மாற்றுகிறபோது டப்பின் தண்ணீரும் பவுலின் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். ஒரு கிண்ணத்தில் பவுல் தண்ணீரோடு அவனை எடு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை டப் தண்ணீரை அரை டம்ளர் எடுத்து அந்தக் கிண்ணத்தில் சேர். அரை மணி நேரத்தில் அவனை மட்டும் டப்பில் விடு, பழைய தண்ணீரை ஊற்றாதே. அதற்குப் பிறகுதான் ஹீட்டரைப் போட வேண்டும். நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக ஏற்றி, 27-ல் நிறுத்து.

அடுத்தது உப்பு. எதுவும் கலக்காத கல்லுப்பு, பாக்கெட்டில் அயோடின், கட்டி தட்டாமல் இருக்கச் சேர்ப்பது எதுவும் எழுதியிருக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் மீன் கடையில் அக்வேரியம் சால்ட் கேள். லிட்டருக்கு 1 கிராம். உன் கேக் தராசில் நிறுத்து, ஸ்பூனை நம்பாதே. ஒரு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, ஓரமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. உப்பு ஆவியாகிப் போகாது. தினமும் பாதித் தண்ணீரை மாற்றும்போது மாற்றுகிற அளவுக்கு மட்டும் உப்புச் சேர்த்தால் போதும். அஞ்சு லிட்டர் எடுத்தால் 5 கிராம். பத்து நாளுக்கு மேல் உப்பில் வைக்காதே.

நாட்டு வாதாம் இலையும் கொஞ்சம் அனுப்புகிறேன். பின்வீட்டு மரம்தான், நீயும் அண்ணனும் கொட்டையைக் கல்லில் உடைத்துத் தின்பீர்களே, அது. தானாக உதிர்ந்து காய்ந்த இலைகளாகப் பொறுக்கி, கழுவி, நிழலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். ஒன்றில் பாதியை டப்பில் போடு. ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் பால் விடாத டீ நிறத்துக்கு வரும், பயப்படாதே. இலையிலிருந்து இறங்குகிற டானின் என்கிற துவர்ப்புச் சத்து பாக்டீரியாவைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும், அவனுக்கும் பிறந்த ஊர்த் தண்ணீர் மாதிரி இதமாக இருக்கும். இதுவே நோயைக் குணமாக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், தண்ணீரும் சூடும் சரியாக இருந்தால் கூட நின்று உதவும்.

முதல் நாள் தீனி வேண்டாம். மறுநாளிலிருந்து காலையில் இரண்டு உருண்டை, ராத்திரி இரண்டு. பாவமாக இருக்கிறதே என்று பத்துப் பன்னிரண்டு போடாதே. அவன் வயிறு அவன் கண்ணைவிடப் பெரிதில்லை. அஞ்சு நிமிஷத்தில் தின்னாததை எடுத்துவிடு.

உன் அறையில் ராத்திரி முழுக்கக் கொசு மருந்து மெஷின் ஓடுகிறது, இல்லையா? அதை நிறுத்து, அல்லது நீலனை வேறு அறைக்கு மாற்று. அதில் இருக்கிற பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம். மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீனுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து. ரூம் ஸ்ப்ரேயும் வேண்டாம். சானிடைசர் போட்ட கையைத் தண்ணீருக்குள் விடாதே.

தினமும் ஒரே நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே பக்கத்திலிருந்து வாலைப் படம் எடு. நேரில் பார்க்கும்போது தெரியாத மாற்றம் படங்களை வரிசையாக வைத்தால் தெரியும். கறுப்பு அதே இடத்தில் நின்றுவிட்டால் நாம் பாதிக் கிணறு தாண்டினோம். அப்புறம் ஓரத்தில் நிறமே இல்லாத மெல்லிய தோல் ஒன்று வளரும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். புது அழுகல் என்று நினைத்துப் பயந்துவிடாதே, அதுதான் வளர்ச்சி. நிறம் பிறகு ஏறும், முழு வாலும் வர வாரக்கணக்கில் ஆகும். வளர்ந்த பகுதி பழைய நீலத்தில் இல்லாமலும் போகலாம்.

கறுப்பு உடம்பை நோக்கி நகர்ந்தால், வால் அடியில் சிவப்புக் கோடுகள் தெரிந்தால், அன்றே எனக்குப் போன் செய். அப்போது மருந்து பார்ப்போம். ஒரே ஒரு மருந்து, பாட்டிலில் எழுதியிருக்கிற நாள் முழுக்க. மனுஷருக்கான ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதே.

வேறு நோய் எதுவும் கூட ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடு. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடி. உடம்பில் மங்கலான பொன்னிறப் பூச்சு தெரிந்தால் அது வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி, உப்போடு டப்பையும் இருட்டாக வைக்க வேண்டும். தனித்தனி வெள்ளைப் புள்ளிகள் என்றால் இக் என்கிற இன்னொரு ஒட்டுண்ணி. முதுகிலோ வாயிலோ சாம்பல் வெள்ளையாகப் படை படர்ந்து மணிக்கணக்கில் பரவினால் அது காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா நோய். அதற்கு மட்டும் சூடு கூடினால் நோயும் வேகம் பிடிக்கும், 24-க்கு இறக்கிவிட்டு என்னைக் கூப்பிடு. மேலேயிருந்தும் ஒருதரம் பார். செதில்கள் உடம்பை விட்டு நிமிர்ந்து நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து மீள்கிற மீன் குறைவு, உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் நீலனுக்கு அப்படி இல்லை, வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன்.

அவன் தேறினதும் பவுலுக்குத் திரும்பக் கூடாது. 20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், இவ்வளவு இருந்தால் போதும். உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் செடி மேல் உன் நைலான் துப்பட்டாவை இழுத்துப் பார், நூல் மாட்டினால் அவன் வாலும் மாட்டும். புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். உனக்கு அவ்வளவு நாள் வேண்டாம். நம் வீட்டுத் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கிற ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துத் தருகிறேன், அதில் அந்தப் பாக்டீரியா நிறைந்திருக்கிறது.

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் பெங்களூர் வருகிறார். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு ஈரமாகக் கவரில் போட்டு, பாதிக்குக் காற்று விட்டுக் கட்டித் தருகிறேன். கூடவே சின்ன ஏர் பம்ப்பும் வாதாம் இலையும் இருக்கும். ஸ்டேஷனுக்கு நீயே போய் வாங்கிக்கொள். வீட்டுக்கு வந்ததும் ஸ்பாஞ்சை உடனே டப்பில் போட்டு, பம்ப்பைக் குறைந்த வேகத்தில் ஓடவிடு. அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் அலசிவிடாதே, குளோரின் பட்டால் அத்தனையும் செத்துப்போகும். நாம் போடுகிற உப்பு அதைக் கெடுக்காது. பின்னால் மெத்திலீன் புளூ என்கிற மருந்து போட வேண்டி வந்தால் மட்டும் அதை வெளியே எடுத்து, வேறு பக்கெட்டில் பம்ப்போடு ஓடவிடு. ஸ்பாஞ்ச் வந்த பிறகும் தினமும் அம்மோனியாவை டெஸ்ட் செய்து பார். பூஜ்யத்துக்கு மேல் துளி காட்டினாலும் பாதித் தண்ணீரை மாற்று.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. டப்பில் விட்டதும் படம் அனுப்பு, எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா