மல்லிகாவுக்கு ஒரு வழக்கு

அன்புள்ள மல்லிகா,

முழங்கால் வலி தேவலை. மற்ற சேதியெல்லாம் ஜெயா சொல்லியிருப்பாள். அவள் காதில் போட்டது ஊருக்கே போட்டதுதானே.

நான் எழுத உட்கார்ந்தது ஒரு சொத்து வழக்கு விஷயமாக. பதறாதே, என் வீட்டில் இல்லை, மோசே காலத்தில். பைபிளின் பழைய ஏற்பாட்டு வகுப்பில் இப்போது எண்ணாகமம் என்ற புத்தகம் ஓடுகிறது. 26ஆம் அதிகாரம் முழுக்கப் பெயர்ப் பட்டியல், ஒரே கொட்டாவி. 27இல் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து அக்கா தங்கைகள் ஆசரிப்புக் கூடார (வழிபாட்டுக் கூடாரம்) வாசலில் வந்து நிற்கிறார்கள். அப்பா சேலோப்பியாத் வனாந்தரத்தில் செத்துப்போனார், ஆண்பிள்ளை கிடையாது. மோசே, ஆசாரியன் எலெயாசார், மொத்த சபையும் கேட்க வாதாடுகிறார்கள். அதைப் படித்தபோது உன் ஞாபகம்தான். எடுத்த எடுப்பிலேயே எதிர்த்தரப்பின் வாயை அடைத்துவிடுகிறார்கள்: எங்கள் அப்பா, மோசேயை எதிர்த்த கோராகின் கலகத்தில் சேர்ந்தவர் அல்ல. அப்புறம்தான் விஷயம்: மகன் இல்லை என்பதற்காக அவர் பெயர் வம்சத்திலிருந்து அற்றுப்போகலாமா? அவருக்குரிய நிலப்பங்கை எங்களிடம் கொடுங்கள். தங்களுக்கென்று கேட்காமல் அப்பாவின் பெயருக்காகக் கேட்கிறார்கள், கெட்டிக்காரிகள்!

மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். பெண்கள் சொல்வது சரி என்று பதில் வருகிறது. அந்த வழக்கே எல்லாருக்கும் சட்டமாகிவிடுகிறது: மகன் இல்லையென்றால் மகள், அவளும் இல்லையென்றால் சகோதரர், பிறகு தகப்பனின் சகோதரர், கடைசியில் நெருங்கிய உறவு. விதவை எங்கே என்பாய். பட்டியலில் இல்லை, எனக்கும் எரிச்சல்தான்.

36இல் குலத்துப் பெரியவர்கள் மேல்முறையீடு மாதிரி வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டால் நிலமும் கூடவே போய்விடுமே என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரியாம்! பிடித்தவனைக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் அப்பாவின் கோத்திரத்துக்குள். ஐவரும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளைக் கட்டிக்கொள்கிறார்கள். (நம் ஊரில் அண்ணன் தம்பி முறை. உன் அத்தை கேட்டால் மயங்கி விழுவார்.) இந்தக் கட்டுப்பாடு அந்தத் தலைமுறைக்கு மட்டும்தான் என்று யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதில் இருக்கிறதாம். அதைக் கேட்டுக் கொஞ்சம் ஆறினேன்.

வகுப்பு இரண்டுபட்டது அதற்கப்புறம். சமாரியாவில் 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, மையில் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டு, திராட்சரசமும் எண்ணெயும் வந்து சேர்ந்த கணக்கு. அதில் நோவாளும் ஒக்லாளும் வட்டாரப் பெயர்கள்! திர்சாவோ, ஒம்ரி ராஜா சமாரியாவைக் கட்டும்வரை வட இஸ்ரவேல் நாட்டின் தலைநகர். ஆக, இந்தப் பெண்களின் கோத்திரமான மனாசேயின் நாட்டு வட்டாரங்களைத்தான் மகள்களாக்கிக் கதை சொல்லிவிட்டார்கள் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். பின்வரிசைப் பெரியவர் ஒருவருக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போ அந்தப் பெண்கள் இல்லவே இல்லையா என்கிறார்.

எனக்கு அந்தத் துக்கம் இல்லை. அதே ஓடுகளில் இருக்கும் அபியேசர், ஏலேக் எல்லாம் வேதத்தில் ஆண்வழிக் குலங்கள்தான். நோவாள், ஒக்லாளையும் அப்படி மகன்களாக்கியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? மகள்களாக்கி, வாசலில் நிறுத்தி, வாதாட விட்டிருக்கிறான் எவனோ ஒருவன். அதோடு, கடவுள் சீனாய் மலையில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கவில்லை, யாரோ வந்து முறையிட்ட பிறகும் சட்டம் பிறக்கும் என்று எழுதிவைத்திருக்கிறான். செங்கடல் பிளந்ததைவிட எனக்கு இதுதான் பெரிய அற்புதம். ஆசிரியரிடம் சொன்னேன், சிரித்தார். பிடித்ததா பிடிக்கவில்லையா, தெரியவில்லை.

நீ ஒன்று சொல். 36ஆம் அதிகாரம் முந்தைய தீர்ப்பைத் திருத்தியதாகுமா, வெறும் நிபந்தனைதானா? யோசுவா 17ஐயும் படித்துவிட்டு எழுது. நிலம் இன்னும் கைக்கு வரவில்லையென்று ஐவரும் மறுபடி எலெயாசார் முன்னால் போய் நிற்கிறார்கள். தீர்ப்பு வாங்கினாலும் நிறைவேற்று மனு போட்டால்தான் நடக்கும்போல.

உன்,
கிரேஸ்