தக்காளிக்கு இன்னும் நேரம் இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். தோட்டத்தைப் பற்றித்தான், வேறொன்றுமில்லை.

முதலில் தக்காளி. வெயில் தலைகாட்டியதும் நாற்றைக் கொண்டுபோய் நட்டுவிடாதே. பகல் இதமாகத்தான் இருக்கும். அதை நம்பி நட்டால், ஒரே ஒரு இரவு உறைபனி விழுந்தால் போதும், காலையில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கும். கடைசி உறைபனி போகட்டும். இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் வரட்டும். மண்ணும் 15 டிகிரியாவது எட்ட வேண்டும். காலையில் தெர்மாமீட்டரை நான்கு அங்குலம் மண்ணில் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். குளிர்ந்த மண்ணில் நட்ட செடி சாகவும் சாகாது, வளரவும் வளராது, முறைத்துக்கொண்டு நிற்கும். பொறுத்து நட்டவனுடைய செடி அதை முந்திக்கொண்டு போகும்.

கை சும்மா இருக்காது என்றால் பட்டாணி போடு. ஸ்பினாச் கீரை, லெட்யூஸ், முள்ளங்கி எல்லாம் குளிரைத் தாங்கும். முள்ளங்கி 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும். கேரட்டை நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாதே, வேர் கோணிக்கொள்ளும். இடத்திலேயே விதைத்துவிடு. முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், அதுவரை மேல்மண் காயக்கூடாது. ஈரச் சாக்கை மேலே போட்டு வை, முளை தெரிந்த அன்றே எடுத்துவிடு. சின்ன வயதில் நீ முளைத்துவிட்டதா என்று தினமும் மண்ணைக் கிளறிப் பார்ப்பாய். அக்கா உன்னை அதற்காக அடிக்கப் போவாள். இப்போதும் அந்தப் பொறுமை வந்திருக்கிறதா, தெரியவில்லை.

மண்ணைக் கொத்துவதற்கு முன் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார். விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் போதவில்லை என்று அர்த்தமல்ல, அதிகம் என்று அர்த்தம். ஈரத்தோடு கொத்தினால் காய்ந்த பிறகு கட்டி கட்டியாக இறுகி, அந்த வருடம் முழுக்க உன்னைப் படுத்தும். அந்தக் களிமண்ணை இலைச் சருகும் மட்கிய உரமுமாகப் போட்டுப் போட்டுப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருக்கிறாய். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அலுவலகத்திலும் பொறுப்பு, வீட்டிலும் இப்படி என்று. அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் பின்னால் ஜன்னல் தெரிந்தது. போன வருடத்துத் தக்காளிக் கொடி குச்சியோடு அப்படியே காய்ந்து நிற்கிறதே, பாப்பா. நீ அப்படி விடுகிற ஆள் இல்லை. இலையில் புள்ளி விழுந்தது என்று நீதான் சொன்னாய். அந்தப் பூஞ்சாணம் காய்ந்த கொடியிலேயே குளிர்காலத்தை ஓட்டிவிட்டு, புதுச் செடி வந்ததும் அதில் ஏறும். எல்லாவற்றையும் பிடுங்கி அப்புறப்படுத்து, உரக்குழியில் போடாதே. இந்த வருடம் தக்காளியை அந்த இடத்தில் வைக்காமல் பீன்ஸைப் போடு. தக்காளிக்கு வேறு இடம் பார், கத்தரிக்கும் மிளகாய்க்கும்கூட அதே கதைதான். ஆறு மணி நேரமாவது வெயில் படுகிற இடமாக இருக்கட்டும்.

அப்புறம், அந்தப் பலகைகள். மேட்டுப்பாத்திக்கு என்று மாப்பிள்ளை அளந்து அறுத்து வைத்தவை இன்னும் சுவரோரம் சாத்தியிருக்கின்றன. குளிருக்கு முன்னால் அவர் முடித்துவிடுவார் என்று சொன்னாய். வேலை அதிகமோ என்னவோ. அவர் என்னோடு பேசியும் நாளாயிற்று. நான் கேட்கவில்லை, சும்மா சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, தோட்டத்தை மட்டும் எழுதுங்கள் என்கிறாள். தோட்டத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எட்டடிக்கு நாலடி என்று அவர் திட்டம் போட்டார். அதை ஓரடி உயரத்துக்கு நிரப்ப 32 கன அடி மண் வேண்டும். ஈர மண் என்றால் எடை ஒரு டன்னுக்கு மேலேயே வரும். தனி ஆள் சுமக்கிற வேலையா அது? நாலுக்கு நாலு போதும். நீளப் பலகையைப் பாதியாக அறுத்துக்கொண்டால் எல்லாம் ஒரே அளவாகிவிடும், அறுக்கவும் ஒரு சின்ன ரம்பம் போதும். நாலடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமும் நின்று நடுவரை கை எட்ட வேண்டும். மூலைக்கு ஒரு கட்டை வைத்து உள்பக்கமாக ஸ்க்ரூ போட்டு முடுக்கு. சதுரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை அளந்து பார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சரி. அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரி, பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிடு. புல் அதற்கடியில் செத்து அட்டையும் மட்கிவிடும். அதற்கு மேல் மண்ணும் உரமும். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பு. மூட்டையைத் தனியாகத் தூக்காதே, உனக்கு இடுப்புப் பிடிப்பு வரும்.

எத்தனை செடி வைக்கப் போகிறாய் என்று மட்டும் எழுது. நான் இங்கே விதை போட்டு முளைத்தும் விட்டது, வழக்கம்போல் அதிகமாகப் போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கு நாலு தக்காளிச் செடி சரியாக இருக்கும். ஒருவருக்கு என்றால் இரண்டே போதும், அதுவே மிஞ்சும். எண்ணிக்கை தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி சட்டி மாற்றுவேன்.

அக்காவிடம் கேட்டால் "அவளையே கேளுங்கள்" என்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் இப்படித்தான், எப்போதும் இப்படித்தான். பெற்றவர்களுக்குக் கடைசியில்தான் தெரிய வேண்டும். சித்தப்பா மகள் விஷயத்தில் நான் பேசியது வேறு, உன் விஷயம் வேறு. உன் விஷயம் என்று ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

தக்காளி நாற்று கைக்கு வந்ததும் நேராக வெயிலில் வைத்துவிடாதே. வீட்டுக்குள் வளர்ந்தது, காற்றே படாதது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிக் கூட்டி ஒரு வாரம், பத்து நாள் பழக்கு. இரவில் உள்ளே எடுத்து வை. நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதிவரை புதை. புதைந்த தண்டிலும் வேர் விடும், செடி நன்றாக ஊன்றிக்கொள்ளும். மண் சூடேறிய பிறகுதான் செடியைச் சுற்றிச் சருகு மூடாக்கு, அதற்கு முன் போட்டால் குளிரை உள்ளேயே பிடித்து வைக்கும். தண்டை ஒட்டிக் குவிக்காதே. தண்ணீரைக் காலையில் ஊற்று, வேருக்கு ஊற்று, இலைக்கு வேண்டாம். புதினாவைத் தரையில் விடவே விடாதே, தொட்டியில் வை. இதையெல்லாம் முன்பே சொல்லியிருப்பேன். சொன்னால் என்ன, கேட்டுக்கொள்.

அவசரப்படாதே என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்த வருடம் ஒன்றுமே போடவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது. மண் வெறுமையாகக் கிடக்காமல் சருகைப் பரப்பி மூடிவிடு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நீ இரவில் நேரத்துக்குத் தூங்கினால் போதும். வீடியோவில் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வெளிச்சம் சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எனக்கு இங்கே இப்போது பெரிதாக வேலை இல்லை. பட்டாணிக்கு அம்மா தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். நான் பதினைந்து நாள் வந்து இருந்து, கொடியைப் பிடுங்கி, பாத்தியையும் அடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். நாற்றையும் கையோடு கொண்டு வந்துவிடலாம். பலகைக்கு மறுபக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்தானே. நீ வேலைக்குப் போ, வா. நான் கொல்லையில் கிடப்பேன். எதையும் கேட்க மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபம் வரும், சரியாகிவிடும்.

வரச் சொன்னால் ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு. டிரில்லிங் மெஷின் வீட்டில் இருக்கிறதா, இல்லை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டாரா? இல்லாவிட்டால் பரவாயில்லை, என்னுடையதை எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா