கறிவேப்பிலைக்கு உரம் போடும் முன்

அன்புள்ள மகளுக்கு,

சிங்கப்பூரில், பொங்கோல் வீட்டுத் தாழ்வாரத்தில் நீ வளர்க்கும் கறிவேப்பிலையின் படத்தைப் பார்த்தேன். இலை மஞ்சளாகிறது, உரத்தை இரட்டிப்பாக்கப் போகிறேன் என்கிறாய். அவசரப்படாதே அம்மா, எந்த இலை மஞ்சளாகிறது என்பதை முதலில் பார். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால், செடி தன் முதிர்ந்த இலைகளிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆகையால் அடியிலைகள் முழுவதுமாக வெளிறும். இரும்புச்சத்தை அவ்வாறு நகர்த்த முடியாததால், அது குறைந்தால் கொழுந்துதான் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளாகும். அப்போது மண்ணில் நீர் தேங்குகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

உன் படத்தில் வெளிறியிருப்பவை அடியிலைகள். தொட்டியில் இது இயல்புதான். நீ ஊற்றும் தண்ணீர் அடித்துளை வழியே இறங்கும்போதெல்லாம் சத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லாததால் செடியோ ஆண்டு முழுவதும் துளிர்க்கிறது. எனவே உரம் வேண்டும், ஆனால் சிறுகச் சிறுக வேண்டும். நீரில் கரையும் உரமாக இருந்தால், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண்ணை நனைத்த பிறகே ஊற்று. காய்ந்த மண்ணில் ஊற்றினால் உரத்திலுள்ள உப்பு செறிந்து வேர்நுனி கருகும்.

மெல்லக் கரையும் குருணை உரம் சுலபமானது என்றாலும், அதன் கால அளவைப் பெரும்பாலும் 21 டிகிரி வெப்பத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். நம் சராசரி வெப்பநிலை 27 டிகிரியைத் தாண்டுவதால், பொட்டலத்தில் சொன்ன மாதங்களுக்கு முன்பே அது தீர்ந்துவிடும்.

மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உப்பு மிகுந்துவிட்டது என்று அறிந்துகொள். பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளை வழியே நீர் தாராளமாக வடியும்வரை ஊற்றி, ஒரு மாதம் உரத்தை நிறுத்து. தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டிவிடு. உப்பு மீண்டும் மேலேறும் என்பதோடு, டெங்கிக் கொசுவுக்கும் அது இடமாகிவிடும்.

உன் அம்மா சொல்லும் அரிசி கழுவிய நீர் கெடுதல் செய்யாது, ஆனால் உரத்துக்கு ஈடாகாது. மல்லிகையும் வளர்த்தால், அதற்குத் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரமாகக் கொடு. இல்லையேல் பூவுக்குப் பதில் இலைதான் மண்டும்.

ஏற்கெனவே மஞ்சளான இலைகள் உதிரக்கூடும். அதைக் கண்டு மேலும் உரம் போடாமல், புதுத் துளிர் பச்சையாக வருகிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா