131 நாளாகத் திருத்தப்படாத ஒரு வரி

என் முன்னாள் நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவருக்கும் விமானிகள் பயிற்சிப் பிரிவுத் தலைவருக்கும்,

வணக்கம்.

ஜூலை 18 முதல் இந்த விஷயமாக நான் எழுதும் எட்டாவது கடிதம் இது. முதல் ஏழையும் இங்கிலீஷில் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மொழிதான் இடைஞ்சலோ என்னவோ என்று இதைத் தமிழில் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன்.

விவரம் உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது இதுதான்: உங்களிடம் துணை விமானியாக இருந்த என் பணிப் பதிவில் உள்ள இரண்டு தவறுகளையும் திருத்துங்கள். திருத்திய பதிவைக் கையெழுத்தோடு எனக்கும், என்னை எடுக்கவிருக்கும் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

சின்னத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விட்ட நாள் மே 31. உங்கள் பதிவில் மார்ச் 31. துணை விமானி ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. அந்த ஆறு மாதத்தையும் ஒருநாள் குறையாமல் முடித்துத்தான் வெளியே வந்தேன். இப்போது உங்கள் தாளைப் பார்ப்பவருக்கு, பாதியில் ஓடிவந்தவன் மாதிரி தெரிகிறேன். ஏப்ரல், மே மாதங்களுக்குச் சம்பளச் சீட்டு என் கையில் இருக்கிறது. பதிவுதான் சரி என்றால், அந்த இரண்டு மாதமும் சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் உங்கள் பயணிகளை ஏற்றிப்போனது யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி பெரிய தவறு. ஜூலை 17 அன்று குர்கானில், என்னை எடுக்கவிருக்கும் நிறுவனத்தில் ஒரு அறை. சிமுலேட்டர் தேர்வில் தேறிவிட்டேன், மருத்துவச் சான்று சரியாக இருந்தது. ஆவணச் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. மேசைக்கு எதிரே இருந்த அம்மையார் நீங்கள் அனுப்பிய தாளை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் மேல் பேனாவை வைத்தார். 2023 ஆகஸ்ட் 9, ஹைதராபாத், அரையாண்டுத் திறன் சோதனை, திருப்தியில்லை, மறுபயிற்சி தேவை. பிறகு என் விண்ணப்பத்தை அதன் பக்கத்தில் வைத்தார். 'இதுவரை ஏதாவது சோதனையில் தோற்றதுண்டா?' என்ற கேள்விக்கு நேராக, என் கையெழுத்தில் 'இல்லை'.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஃபெயில் ஆனது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை சார். ஏன் மறைத்தீர்கள்?" என்றார்.

என்ன சொல்வது? அந்த நாள் நான் ஹைதராபாத்திலேயே இல்லை. காலையில் சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்த் திரும்பினேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்று தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் காற்று ஒரு சீராக இல்லை. கேப்டன் "நீயே இறக்கு" என்று விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் தேதி மறக்கவில்லை. நான் பறந்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாக் புக்கில் அந்த வரி இருக்கிறது. அதற்குச் சான்றுக் கையெழுத்துப் போட்டதே உங்கள் இயக்கப் பிரிவுதான். ஒரே நிறுவனத்தின் இரண்டு தாள்கள், ஒரே ஆளை, ஒரே காலையில், இரண்டு ஊரில் வைத்திருக்கின்றன.

எப்படி நடந்தது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்களிடம் என் பெயரிலேயே இன்னொரு துணை விமானி இருந்தார். அவருக்கும் எனக்கும் இனிஷியல் எஸ். ஊழியர் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் இடம் மாறியிருக்கும். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் என்பது உங்கள் மென்பொருளுக்கு இன்னும் புரியவில்லை. குடும்பப் பெயர் கட்டத்தில் வெறும் 'எஸ்' போட்டால் அதற்குத் தமிழர் எல்லாரும் ஒரே குடும்பம்! டிக்கெட் எடுக்கும்போது பயணிகள் படும் அதே பாடுதான். என்ன, அவர்களுக்குப் பெயர் தப்பினால் கவுண்டரில் பத்து நிமிடத்தில் திருத்திவிடுவார்கள்.

அந்த நண்பரை நான் குறை சொல்லவில்லை. சோதனையில் தோற்று, மறுபயிற்சி எடுத்து, தேறிப் பறக்கும் நல்ல விமானிகள் எத்தனையோ பேர். ஆனால் ஒன்று யோசித்தீர்களா? அவர் தோல்வி என் கோப்பில் இருக்கிறதென்றால் அவர் கோப்பில் என்ன இருக்கிறது?

இதைச் சாதாரணமாகக் கேட்கவில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்த கேப்டன் வேலைக்கு விண்ணப்பித்தபோது, முன்பு சோதனைகளில் தோற்றதை முழுதாகச் சொல்லியிருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அதன் பிறகுதான் விமானிகளின் பதிவுகளை எல்லா நிறுவனங்களும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அதில் விமானி தன் பதிவைத் தானே பார்க்கலாம், தவறு என்றால் ஆட்சேபிக்கலாம். குர்கான் அம்மையார் என்னைச் சந்தேகித்தது நியாயம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை.

உங்கள் பக்கத்திலிருந்து இதுவரை வந்தவை, தானாகக் கிளம்பும் மின்னஞ்சல்கள் மட்டும். ஒவ்வொன்றிலும் புகாருக்கு ஒரு டிக்கெட் எண். ஏழு டிக்கெட் கையில் இருக்கிறது, ஒன்றிலும் ஏற முடியவில்லை. ஐந்தாவது டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. தீர்த்தது யார், எதை என்று கேட்டால், திருத்தக் கோரிக்கையை ஊழியர் போர்ட்டலில் பதிய வேண்டுமாம். அந்தப் போர்ட்டலில் என் நுழைவை நீங்கள் முடக்கியது மே 31 இரவு. பாருங்கள், நான் என்றைக்கு வேலையை விட்டேன் என்பது உங்கள் கணினிப் பிரிவுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது!

விமானத்தில் ஒரு பழுதை டெக் லாக் என்ற பழுதுப் பதிவேட்டில் எழுதிவிட்டால், பொறியாளர் கையெழுத்துப் போடாமல் அது கிளம்பாது. தள்ளிப்போட அனுமதி உள்ள பழுதுக்கும் கெடு உண்டு. எவை பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்று சொல்லும் எம்.இ.எல். பட்டியலில் பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், ஒன்றுக்கும் அவசரமில்லாத டி வகைக்கு 120 நாள். இன்று நவம்பர் 26. என் முதல் கடிதம் போய் 131 நாள். வேலை செய்யாத ஒரு விளக்குக்குக் கொடுக்கும் கெடுவைக்கூட எனக்குக் கொடுக்க உங்களுக்கு மனமில்லை.

இதற்கிடையில் மார்ச்சில் நான் தேறிய திறன் சோதனை செப்டம்பரில் காலாவதியாகிவிட்டது. 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலே ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்ற கணக்கும் எப்போதோ போய்விட்டது. குர்கான்காரர்கள் டிசம்பர் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவே பெரிய மனசு.

கோபத்தில் ஒரு வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த இடம் உங்களுடையது. அந்த மரியாதை போகவில்லை. நஷ்டஈடோ மன்னிப்போ கேட்கவில்லை. விலகிய தேதியை மே 31 என்று திருத்துங்கள். 2023 ஆகஸ்ட் 9 வரியை என் கோப்பிலிருந்து எடுத்து, அது சேர வேண்டிய கோப்பில் சேருங்கள். கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். லாக் புக் நகல், சம்பளச் சீட்டுகள், ஏழு டிக்கெட் எண்கள் எல்லாவற்றையும் எட்டாவது முறையாக இணைத்திருக்கிறேன்.

தயவுசெய்து இதற்கு இன்னொரு டிக்கெட் எண் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் கலந்துபோன இருவரில், அன்று தூத்துக்குடிக்குப் போனவன்